இரண்டாவது அப்பளம்

சிந்தாதிரிப்பேட்டையில், மீன் மார்க்கெட்டுக்குப் போகும் வழியில், ஒரு பழைய கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் இருந்ததால் மாடிப்படி மெஸ் என்று நாங்கள் அழைத்துவந்த அந்தச் சாப்பாட்டுக் கடையில், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்று பத்துக்குச் சாப்பிட உட்கார்ந்த ஏகாம்பரம், இருபத்து மூன்றாம் நாள்தான் கை கழுவினார்.

அங்கே ஒரே சமயத்தில் பதினெட்டுப் பேர் சாப்பிடலாம். மாடிப்படியின் அடிவயிறுதான் கூரை. வாசல் பக்கம் நிமிர்ந்து நிற்கலாம், உள்ளே போகப் போகக் கூரை இறங்கிக்கொண்டே வரும், கடைசி இருக்கையில் உட்காருகிறவரின் தலைக்கும் சிமெண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான் மிஞ்சும், மேலே யாராவது வேகமாக இறங்கினால் சாதத்தில் சுண்ணாம்புத் தூள் உதிரும் என்பதால் அந்த இடத்தை யாரும் விரும்புவதில்லை. குள்ளமானவரும், இடம் பிடிக்க யாரோடும் முண்டாதவருமான ஏகாம்பரம் இருபது வருடத்துக்கும் மேலாக அங்கேதான் உட்கார்ந்தார். அவர் எழுந்திருக்காமல் போனபோது கடைக்கு ஓர் இருக்கை குறைந்துவிட்டதாக யாருமே முணுமுணுக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

மாடிப்படி மெஸ்ஸில் சாதம், சாம்பார், காரக்குழம்பு, ரசம், மோர், கூட்டு, பொரியல் எல்லாம் போதும் போதும் என்கிற வரைக்கும் உண்டு. அப்பளம் மட்டும் இலைக்கு ஒன்று. ஏன் என்று எங்களுக்குத் தெரியாது, கல்லாவில் உட்காரும் துரைக்கண்ணுவுக்கும் தெரியாது, அவருடைய அப்பா காலத்திலிருந்து அப்படி. ஒருமுறை வார்டு கவுன்சிலரே நான்கு பேரோடு வந்து உட்கார்ந்து இன்னொரு அப்பளம் கேட்டபோது துரைக்கண்ணு எழுந்து நின்று கைகூப்பி, "இன்னும் ரெண்டு கரண்டி கூட்டு வெக்கச் சொல்றேன் சார், அத மட்டும் கேக்காதீங்க," என்றார். கவுன்சிலர் சிரித்துவிட்டு ரசத்துக்குப் போனார்.

அப்பள விஷயம் சுவரில் எழுதி இருந்தது. எழுதாத இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. இலையில் கை வைத்திருக்கிறவனிடம் கெட்ட செய்தி சொல்வதில்லை. மோர்ச் சாதம் முடிந்து, எழுந்து, கை கழுவி, வாசலில் தொங்கும் துண்டில் துடைத்துக்கொண்ட பிறகுதான் தோளைத் தொட்டு ஓரமாக அழைத்துப் போவார்கள். ஆட்டோ ஓட்டும் மோசஸின் அம்மா இறந்துபோனதாகத் தகவல் வந்தபோது அவன் காரக்குழம்பில் இருந்தான். நாங்கள் அவனோடு பிரேக் ஒயரைப் பற்றியும் மெட்ரோவுக்காகத் தோண்டிய பள்ளத்தைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தோம், அவன் ரசம் வாங்கினான், மோர் வாங்கினான், சிரித்தான்கூட. ரொம்ப நாள் கழித்து ஒருமுறை அவன், "அந்த மோர் வரைக்கும் எனக்கு அம்மா இருந்தாங்க," என்றான். அதை நன்றியாகச் சொன்னானா குறையாகச் சொன்னானா என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

ஏகாம்பரம் பக்கத்துச் சந்தில் மின்விசிறிகளுக்கும் மோட்டார்களுக்கும் காயில் கட்டுகிறவர். மனைவி இறந்தபோது மகன் தணிகைக்கு நாலு வயது. சமைக்கத் தெரியாத அந்த மனிதர் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு மதியத்துக்கு மெஸ்ஸுக்கு வந்தார், பிறகு கையைப் பிடித்துக்கொண்டு வந்தார், பிறகு பையன் பள்ளிக்கூடப் பையோடு முன்னால் ஓடிவர இவர் பின்னால் வந்தார். முதல் நாளே தணிகை தன் அப்பளத்தைத் தின்று தீர்த்துவிட்டு இன்னொன்று கேட்டு அழுதான். பரிமாறிக்கொண்டிருந்த செங்கமலம் கல்லாவைப் பார்த்தாள், கல்லா தலையை ஆட்டியது, ஏகாம்பரம் தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து மகன் இலையில் வைத்தார். அன்றிலிருந்து செங்கமலம் அவர் இலையில் வைப்பதும், அது அடுத்த நொடி பக்கத்து இலைக்குப் போவதுமாகப் பதினெட்டு வருடம் நடந்தது. தணிகைக்கு மீசை முளைத்த பிறகும் நடந்தது. அவன் குளிர்சாதனக் குழாய் பொருத்தும் வேலைக்கு வளைகுடா நாட்டுக்குப் போன பிறகு ஏகாம்பரத்தின் அப்பளம் இலையோரத்திலேயே கிடந்து, இலையோடு மடிந்து, கூடைக்குப் போனது. மூன்று வருடமாக.

அந்தச் செவ்வாய்க்கிழமை வாழைப்பூக் கூட்டும் பீட்ரூட் பொரியலும். ஏகாம்பரம் வழக்கம்போலத் தன் போனைக் கல்லாவில் சார்ஜுக்குப் போட்டுவிட்டுக் குனிந்து உள்ளே போனார், ஏனென்றால் அவர் கடையில் இருந்த பிளக்குகளில் எப்போதும் ஏதாவது ஒரு விசிறி சோதனைக்காகச் சுற்றிக்கொண்டிருக்கும். அவர் சாம்பார்ச் சாதத்தை முடிக்கும் சமயம் போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. நீளமான வெளிநாட்டு நம்பர். மூன்றாவது முறை துரைக்கண்ணு எடுத்து, சாப்பிடுகிறார் அப்புறம் பேசுங்கள் என்று சொல்லப் போனவர், சொல்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். பேசியவன் பரூக், கடையநல்லூர்க்காரன், தணிகையோடு ஒரே அறையில் தங்கியிருப்பவன். காலையில் சாரம் சரிந்துவிட்டது என்றான். மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே என்றான்.

துரைக்கண்ணு செங்கமலத்தைக் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார். அவள் கையில் காரக்குழம்பு வாளி இருந்தது, அது கொஞ்சம் சாய்ந்தது, தரையில் சிந்தவில்லை.

"எங்க இருக்காரு?" என்றார் துரைக்கண்ணு.

"சாம்பார் முடிஞ்சிது. கொழம்புக்கு ஒக்காந்திருக்காரு."

"முடிக்கட்டும். மோர் ஊத்துனதும் நான் சொல்றேன்."

"நீங்க சொல்ல மாட்டீங்க," என்றாள் செங்கமலம். "என்னத்தான் சொல்லச் சொல்லுவீங்க."

அவள் கடைசி இருக்கைக்குப் போனாள். போதும் என்று அவர் கையை நீட்டி மறைத்தும் சாதத்தைப் போட்டாள். குழம்பு ஊற்றினாள். திரும்பி வந்தவள் அப்பளத் தகர டின்னுக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடி போய், இலையோரத்தில் தொடாமல் கிடந்த அப்பளத்தின் மேல் அதையும் வைத்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பின்னால் பலமுறை கேட்டிருக்கிறோம், கை போய்விட்டது என்பாள், அவ்வளவுதான். துரைக்கண்ணு கல்லாவிலிருந்து பார்த்தார், தடுக்கவில்லை. ஏகாம்பரமும் இரண்டு அப்பளங்களையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து பிசைய ஆரம்பித்தார்.

அந்தச் சாதம் தீரவில்லை. அவர் பிசைந்தார், உருட்டினார், வாயில் போட்டார், மென்றார், விழுங்கினார், இலையில் இருந்தது அப்படியே இருந்தது. ஒரு பருக்கை கூடவும் இல்லை, குறையவும் இல்லை, ஆவி அடங்கவும் இல்லை. குழம்பு போதும் ரசம் ஊற்று என்றபோது ஊற்றினாள், சாதத்தின் நடுவில் அவர் விரலால் பறித்த குழியில் ரசம் நின்றது, அவர் அதைக் கரையோரமாக உடைத்து உடைத்துச் சாப்பிட்டும் வற்றவில்லை. இரண்டு மணிக்கு நீதிமன்றத்து ஆட்கள் வந்துபோனார்கள். மூன்று மணிக்கு மோட்டார் உதிரிபாகக் கடைப் பையன்களின் கூட்டம் வந்துபோனது. நாலரைக்கு மற்ற பெஞ்சுகளைத் துடைத்துக் கவிழ்த்தார்கள். ஏகாம்பரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "மோர் ஊத்தட்டுமாண்ணே?" என்று செங்கமலம் கேட்டாள். "ரசமே ஆவலியேம்மா," என்றார் அவர். மறுநாள் காலை அடுப்பு மூட்டும்போதும் அப்படியே சொன்னார்.

நாங்கள் ஆச்சரியப்பட்டோம் என்று சொல்ல முடியாது. மெஸ்ஸில் நிதானமாகச் சாப்பிடுகிறவர்கள் எப்போதும் ஒருவர் இருவர் உண்டு. புதன்கிழமை வந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள், "இன்னா நைனா, நேத்து சோறா?" என்று மோசஸ் கேட்டான், "இன்னிக்கு சோறு உனக்கு, எனக்கு இது போதும்," என்றார் அவர், எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். வியாழக்கிழமைக்குள் விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் அதற்கு ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. மேலே படியில் ஏறி இறங்குகிறவர்கள் கடைசி ஐந்து படிகளில் மெதுவாகக் கால் வைக்கப் பழகினார்கள். காயில் கட்டும் கடைக்கு வந்தவர்கள் அங்கிருந்து மெஸ்ஸுக்கு வந்து, எந்த மோட்டாருக்கு என்ன கம்பி, எத்தனை சுற்று என்று கேட்டுக்கொண்டு போனார்கள், அவர் ஒரு கவளத்துக்கும் அடுத்த கவளத்துக்கும் நடுவே மனக்கணக்காகச் சொன்னார். தாடி வளர்ந்தபோது எதிர்வரிசை சலூன்காரர் பெட்டியோடு வந்து, சோறு இடது கன்னத்தில் இருக்கும்போது வலது கன்னத்தையும், வலது கன்னத்துக்குப் போனதும் இடது கன்னத்தையும் மழித்துவிட்டார். அவருக்குத் தூக்கம் வேண்டியிருக்கவில்லை, மென்று முடித்ததற்கும் விழுங்குவதற்கும் நடுவே கண்ணை மூடித் திறந்துகொண்டார், அதுவே போதுமாக இருந்தது. மற்றதற்கெல்லாம் எழுந்திருக்க வேண்டிய தேவையும் வரவில்லை. செங்கமலம் மட்டும் வீட்டுக்குப் போகாமல் அடுப்படி வாசலிலேயே பாய் போட்டுக்கொண்டாள்.

மாநகராட்சியிலிருந்து சுகாதார அதிகாரி ஒருவர் வந்தார். புகார் வந்திருப்பதாகச் சொன்னார். இலையை முகர்ந்து பார்த்தார், சாதத்தைத் தொட்டுப் பார்க்க அனுமதி கேட்டார், ஏகாம்பரம் இலையைச் சற்று நகர்த்திக் காட்டினார், அப்பளத்தைத் தட்டினால் நேற்றுப் பொரித்தது போல அல்ல, இப்போது பொரித்தது போலச் சத்தம் வந்தது. அதிகாரி வாசல் பக்கம் உட்கார்ந்து தானும் சாப்பிட்டார். போகும்போது குறிப்பேட்டில், "ஒரு நபர் மதிய உணவு அருந்திக்கொண்டிருக்கிறார்," என்று எழுதினார். அதில் பொய் எதுவும் இல்லை.

இரண்டாவது வாரத்திலிருந்து வேறு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எப்படித் தெரிந்ததோ, தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவர்கள், தீர்ப்புக்குக் காத்திருப்பவர்கள், அவசரப் பிரிவில் யாரையோ விட்டுவிட்டு அரை மணி நேரம் வெளியே வந்தவர்கள், போனை அணைத்துவிட்டு ஏகாம்பரத்துக்கு எதிரே உட்கார்ந்து ஓர் இலை போடச் சொன்னார்கள். தங்கள் இலையும் அப்படி நீளும் என்று நம்பினார்கள் போலிருக்கிறது. நீளவில்லை. அவர்கள் சாதம் அவர்கள் சாதத்தைப் போலவே தீர்ந்தது. ஒரு நாள் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, ஒட்டிய காக்கி உறை ஒன்றைத் தண்ணீர்த் தம்ளருக்கு அடியில் வைத்துவிட்டு, சாப்பிடவும் இல்லாமல் பிரிக்கவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிட்டுப் பிரிம்மா," என்றார் ஏகாம்பரம். "அதுல இருக்குறது எங்கயும் போவாது. சோறு ஆறிடும்."

"உங்களுக்கு மட்டும் ஆற மாட்டேங்குதே சார்."

"எனக்கு ஆறுனா நான் எழுந்திரிக்கணும்."

அவள் மோர் வரை சாப்பிட்டாள். தொட்டியில் வெகு நேரம் கை கழுவினாள். உறையை வெளியே கொண்டுபோய்ப் பிரித்தாள். உள்ளே என்ன இருந்தது என்று நாங்கள் கேட்கவில்லை, அவள் திரும்ப வரவும் இல்லை.

கல்லாவில் அந்தப் போன் சார்ஜரிலேயே கிடந்தது. தினமும் பதினொன்றரைக்கு, கூட்டம் வருவதற்கு முன், பரூக் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, இன்னும் சாப்பிடுதாவளா?"

"சாப்பிடுறாருப்பா."

"சரி அண்ணாச்சி. சாப்பிடட்டும்."

அவனும் அதை விசித்திரமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் ஊரிலும் கை சோற்றில் இருக்கும்போது சொல்ல மாட்டார்கள். ஆனால் உடலை அனுப்புவதற்குத் தகப்பனார் கையெழுத்து வேண்டும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள், அந்தத் தாளைப் பரூக் அனுப்ப, துரைக்கண்ணு மேல்மாடி நகலெடுக்கும் கடையில் அச்செடுத்து, கல்லா மேசைக்குள் வைத்துப் பூட்டினார். ஏகாம்பரத்தின் வலது கை இலையில் இருந்தது. எச்சில் கையில் பேனா கொடுக்க முடியாது. இடது கையால் அந்தக் காரியத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால், அது என்ன தாள் என்று சொல்லியாக வேண்டும்.

"நான் டூட்டி முடிஞ்சி தெனமும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன் அண்ணாச்சி," என்றான் பரூக் ஒரு நாள். "உள்ள விட மாட்டானுவ. அந்தக் கட்டடத்துக்கு வெளிய கொஞ்ச நேரம் நின்னுட்டு வாரேன். ஒத்தையில கெடக்கான்னு இருக்கப்பிடாதுல்லா."

பதினெட்டாம் நாள் அவன் குரல் மாறியிருந்தது. அவனுடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இன்னும் பத்து நாளில், திங்கட்கிழமை விமானம், தள்ளிப்போட முடியாது. கையெழுத்து வருகிற புதன்கிழமைக்குள் வந்துவிட்டால் தணிகையைத் தன்னோடேயே அழைத்து வந்துவிடுவான். வராவிட்டால் இவன் மட்டும் வர வேண்டும். "அப்புறம் அங்கன போயி நிக்கதுக்கு ஆளு கெடையாது அண்ணாச்சி," என்றான்.

அன்று சாப்பாடு முடிந்து, ஏகாம்பரத்தைத் தவிர மற்ற இலைகள் எடுக்கப்பட்ட பிறகு, நாங்கள் ஏழெட்டுப் பேர் வாசலில் கூடி நின்று தாழ்ந்த குரலில் சண்டை போட்டோம். சொல்லிவிட வேண்டும் என்றான் மோசஸ். யார் சொல்வது என்றார் துரைக்கண்ணு. போனை எடுத்தவர்தான் சொல்ல வேண்டும் என்றோம். அதிகமாகச் சோறு போட்டவள்தான் சொல்ல வேண்டும் என்று துரைக்கண்ணு செங்கமலத்தைப் பார்த்தார்.

"கை இலையில இருக்கு," என்றாள் அவள். "நான் எப்பிடிச் சொல்றது? உங்க அப்பா வச்ச வழக்கம் இது."

"எங்கப்பா அப்பளத்துக்குந்தான் வழக்கம் வச்சாரு. நீ கேட்டியா?"

மோசஸ் உள்ளே போய் மோர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு கடைசி இருக்கைக்கு நடந்தான். ஊற்றிவிட்டால் சாப்பாடு முடிந்துவிடும், முடிந்துவிட்டால் சொல்லிவிடலாம் என்பது அவன் எண்ணம். அவன் கரண்டியைச் சாய்த்தபோது ஏகாம்பரம் இடது கையை இலைக்கு மேல் குடைபோலப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். தலை சிமெண்டில் லேசாக இடித்தது.

"மோசஸு," என்றார். "இன்னும் ரசத்துலதான்பா இருக்கேன். கொஞ்சம் விடேன்."

மோசஸ் பானையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தான். அவன் முகத்தை நாங்கள் பார்க்கவில்லை. எங்கள் எல்லோருக்கும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்ததும், அந்த நிம்மதி பரூக் நின்றுகொண்டிருந்த அந்தத் தெருவுக்குச் செய்யும் துரோகம் என்று தெரிந்ததும் ஒரே சமயத்தில்தான்.

சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று போயிற்று. போன் வந்தது, சாப்பிடுகிறார் என்று சொன்னோம், சாப்பிடட்டும் என்று சொன்னான். புதன்கிழமை வந்தது. இருபத்து மூன்றாம் நாள். அன்று பன்னிரண்டே முக்காலுக்கு, கூட்டம் நிறையத் தொடங்கும் நேரத்தில், செங்கமலம் வாளியை ஓரமாக வைத்தாள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். ஓர் இலையை எடுத்துத் தண்ணீர் தெளித்து, கூரைக்குக் கீழே குனிந்து போய், ஏகாம்பரத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

இருபது வருடத்தில் செங்கமலம் சாப்பிட்டு நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அவள் எங்கே, எப்போது, எதைச் சாப்பிடுவாள் என்று நினைத்துப் பார்த்ததும் இல்லை. மற்ற பதினாறு இலைகளும் பரிமாற ஆளில்லாமல் காத்திருந்தன, ஒருவரும் கூப்பிடவில்லை. அவள் தனக்குத் தானே சாதம் போட்டுக்கொண்டாள். சாம்பார் ஊற்றிக்கொண்டாள். ஏகாம்பரம் அவளைப் பார்த்துக்கொண்டே தன் கவளத்தை மென்றார்.

"உப்பு கொறவா இருக்கா?" என்றார்.

"இல்லண்ணே. சரியா இருக்கு."

"நீ போடுற சாம்பார நீயே தின்னதில்ல போல."

"தின்னிருக்கேன். ஆறுனப்புறம்."

அவள் காரக்குழம்புக்குப் போனாள். இரண்டு பேர் மெல்லுகிற சத்தம் வாசல் வரை கேட்டது. அவள் ரசத்துக்குப் போனாள். குழி பறித்து, ஊற்றி, கரையை உடைத்து, நாங்கள் எல்லோரும் சாப்பிடுவது போலவே சாப்பிட்டாள். அவள் ரசம் வற்றியது. சாதம் தீர்ந்தது. இலையில் விரலால் கோடு இழுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு மோர் ஊத்த ஆளில்லண்ணே," என்றாள்.

ஏகாம்பரத்தின் கை பாதி வழியில் நின்றது. கவளத்தைத் திரும்ப இலையில் வைத்தார். இருபத்து மூன்று நாளில் முதல் முறையாக அவர் கை காலியாக இருந்தது.

"துரைக்கண்ணு," என்று கல்லாவைப் பார்த்துக் கூப்பிட்டார். "ரெண்டு பேருக்கும் மோர் கொண்டா."

துரைக்கண்ணு எழுந்து வந்தார். பரிமாறிப் பழக்கமில்லாத கை, கரண்டி பானையில் இடித்தது. முதலில் அவளுக்கு ஊற்றினார், பிறகு அவருக்கு ஊற்றினார். அவர் இலையில் அந்தச் சாதம் வெள்ளையாகக் கரைந்தது, ஆவி அடங்கியது. அவர் சாப்பிடச் சாப்பிடக் குறைந்தது. வழித்துச் சாப்பிட்டார். அவள் அவருக்காக மெதுவாகச் சாப்பிட்டாள்.

"இருவது வருசமா இங்க சாப்பிடுறேன்," என்றார், இலையைப் பார்த்துக்கொண்டு. "புள்ள அழுதப்பவே ரெண்டாவது அப்பளம் விழல. நீ கொண்டாந்து வச்சியே அன்னிக்கி, அப்பவே தெரிஞ்சிபோச்சு செங்கமலம்."

அவள் கை இலையிலேயே இருந்தது.

"நீ சொல்ல முடியாம நிக்கிறது பார்த்தேன். உனக்காவத்தான் எழுந்திரிக்காம இருந்தேன்னு சொல்லலாம். பொய்யி. எனக்காவத்தான்." பிறகு கல்லா பக்கம் திரும்பாமலே, "பரூக்கு என்னிக்குக் கெளம்புறான்?" என்றார்.

"திங்கக்கிழம," என்றார் துரைக்கண்ணு.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. எட்டடி தூரத்தில் தினமும் பதினொன்றரைக்கு அடித்த அந்தப் போன் அவருடைய போன். மணி அடித்தால் யார் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மகனோடு பேசுகிறவர், அந்த மூன்று வெள்ளிக்கிழமைகளிலும் போனைக் கொடு என்று சொல்லவில்லை.

அவர் இலையை மடிக்கவில்லை. எழுந்தார். கால் மரத்துப் போயிருந்ததால் மோசஸ் தோளைக் கொடுத்தான். நாங்கள் பதினாறு பேரும் சாப்பிடாத இலைகளின் முன்னால் எழுந்து நின்றோம், பாதிப் பேருக்குத் தலை கூரையில் இடித்தது. தொட்டியில் தண்ணீரைத் திறந்து அவர் வலது கையைக் காட்டினார், விரல்கள் நாள் முழுக்கத் துணி துவைத்தவளின் விரல்களைப் போல வெளுத்துச் சுருங்கியிருந்தன. துண்டில் துடைத்தார். யாராவது தோளைத் தொட்டு ஓரமாக அழைத்துப் போக வேண்டிய இடம் அது. யாரும் தொடவில்லை. அவரே கல்லாவுக்குப் போய், "தாளக் குடு," என்றார்.

தகப்பனார் என்று அச்சிட்ட இடத்துக்கு எதிரே எழுத்துக் கூட்டி எழுதினார். மோர் வாசனை போகாத கையிலிருந்த ஈரத்தில் மை கொஞ்சம் படர்ந்தது.

"நாள் போடணும்ணே," என்றார் துரைக்கண்ணு. "இருவத்தி மூணாவது நாளாச்சு."

ஏகாம்பரம் பேனாவைப் பிடித்தபடி நின்றார். எண்ணிப் பார்ப்பது போல அவர் உதடுகள் அசைந்தன.

"இருவத்தி மூணு நாளா," என்றார், "புள்ளைய வெளிய படுக்க வச்சிட்டு நான் சோறு தின்னுட்டிருந்திருக்கேன்."

செங்கமலம் உள்ளே போய் அவர் இலையை எடுத்தாள். அதுவரை பச்சையாக இருந்த இலை சருகாக மடிந்தது. ஓரத்தில் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்த இரண்டு அப்பளங்களும் நமுத்து ஒட்டிப்போயிருந்தன, பிரிக்க வரவில்லை.

தணிகை திங்கட்கிழமை விமானத்தில் வந்தான். பரூக் கூடவே வந்தான், சரக்குகள் வெளியே வரும் வாசலில் எங்களோடு ஆறு மணி நேரம் நின்றான், மயானம் வரை வந்தான், அதன் பிறகுதான் தன் ஊருக்கு ரயில் ஏறினான். இடைப்பட்ட நாட்களில் மெஸ்ஸின் கடைசி இருக்கையில் யாரும் உட்காரவில்லை. படியில் இறங்குகிறவர்கள் மறுபடி வேகமாக இறங்கத் தொடங்கினார்கள், பெஞ்சில் சுண்ணாம்புத் தூள் படிந்தது, செங்கமலம் தினமும் துடைத்தாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மதியம் ஒன்று பத்துக்கு ஏகாம்பரம் வந்தார். மொட்டையடித்த தலையில் முடி அரும்பியிருந்தது. போனைக் கல்லாவில் சார்ஜுக்குப் போடவில்லை, அதை அவர் கொண்டுவந்திருக்கவே இல்லை. குனிந்து உள்ளே போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். செங்கமலம் இலை போட்டாள், தண்ணீர் தெளித்தாள், கூட்டு வைத்தாள், பொரியல் வைத்தாள், ஓர் அப்பளம் வைத்தாள், சாதம் போட்டாள். அவர் சாம்பார் வாங்கினார், காரக்குழம்பு வாங்கினார், ரசம் வாங்கினார், மோர் வாங்கினார். போட்டது எல்லாம் தீர்ந்தது. மோசஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு நிமிடம்.

எழுந்திருப்பதற்கு முன் அவர் இலையோரத்தைப் பார்த்தார். பக்கத்து இருக்கையைப் பார்த்தார். பிறகு அந்த அப்பளத்தை எடுத்தார். இருபத்தோரு வருடமாக அவர் அப்பளம் தின்று நாங்கள் பார்த்ததில்லை. மெஸ்ஸில் எல்லோரும் கையை இலையில் வைத்தபடி அசையாமல் இருந்ததால், அவர் கடித்தபோது அது நொறுங்கிய சத்தம் கூரையின் தாழ்ந்த முனையிலிருந்து வாசல் வரை கேட்டது. முழுதும் தின்றார்.